சுனையிலிருந்து சுனைக்கு: கேன்யன்லேண்ட்ஸ் நடைபயணக் கேள்வி பதில்

பெங்களூரில் வார இறுதிகளில் மலையேறும் நம் தமிழ் நண்பர்கள் சிலர், வருகிற அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மூன்று இரவுகள் கூடாரமடித்துத் தங்கவிருக்கிறார்கள். அங்கே நான்கு முறை நடந்தவன் என்பதால் அவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அல்சூர் அன்பர்: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்?

ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர். மூன்று நாளுக்கு 12 கிலோ ஆகிறது. கூடாரமும் உணவும் சேர்ந்தால் முதுகு தாங்காது என்பதால், வழியையே சுனையிலிருந்து சுனைக்கு என்று வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வரைபடத்தில் ஊற்று என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். என் இரண்டாம் பயணத்தில் அப்படி நம்பிப் போன இடத்தில் ஈரமண் மட்டுமே இருந்தது, மீதமிருந்த ஒரு லிட்டரோடு அன்றே திரும்பினேன். இரவுத் தங்கலுக்கான அனுமதிச்சீட்டை வாங்கும்போதே, எந்த ஊற்றில் இப்போது நீர் வருகிறது என்று பூங்காக் காவலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆற்று நீர் சேறு கலந்தது, வடிகட்டியை அடைத்துவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, பிறகு வடிகட்டுங்கள். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையை உரைத்ததும் இதே வேலைக்காகத்தான். பாறைச் சுனைகளில் சிற்றுயிர்கள் வாழ்கின்றன; வெயிலுக்குக் களிம்பு பூசிய கையை அதில் நனைக்காமல், பாத்திரத்தில் மொண்டுகொள்ளுங்கள். உப்பில்லாமல் வெறும் நீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். ஆகவே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் உப்புக் கடலையும் பையில் இருக்கட்டும்.

ஒயிட்ஃபீல்ட் அன்பர்: வானம் தெளிவாக இருந்தால் குறுகலான பாறை இடுக்குகளுக்குள் இறங்கலாம்தானே?

தலைக்கு மேலிருக்கும் வானத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற பாறை இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் காட்டாற்று வெள்ளத்தில் இறந்தார்கள். அந்த மழை பெய்தது பல மைல் தொலைவில். மண்ணில்லாத வெறும் பாறை நீரை உறிஞ்சாமல் அப்படியே வழியவிடுகிறது, சிற்றோடைகளெல்லாம் ஒரே இடுக்கில் வந்து கூடுகின்றன. மழைக்காலம் பொதுவாக ஜூலை முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் ஆபத்து குறைவு என்றாலும், நீர்வரத்துப் பகுதி முழுவதற்குமான வானிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் இறங்காதீர்கள். வறண்ட ஓடையின் மெத்தென்ற மணல் கூடாரத்துக்கென்றே விரித்துவைத்தாற்போல் தோன்றும். அங்கே அடிக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். மழைக்குப் பின் மணற்பாறை வலுவிழந்திருக்கும். பற்றி ஏறும் பிடி கையோடு பெயர்ந்து வரலாம்.

ஜெயநகர் அம்மையார்: தனியே ஒரு நாள் நடந்து பார்க்கிறேன் என்கிறான் மகன். விடலாமா?

அம்மா, நான் விடமாட்டேன். 2003 ஏப்ரலில் அதே வட்டாரத்திலுள்ள ப்ளூஜான் கேன்யனில், ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் வலக்கையை உருண்டு வந்த பாறை சிக்கவைத்தது. போகுமிடத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பதால் தேடி வருவாரில்லை. ஐந்து நாட்களுக்கும் மேல் கிடந்து, இறுதியில் கையைத் தானே அறுத்துக்கொண்டு மீண்டார். குழுவாகவே போனாலும், வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வெளியிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டே கிளம்ப வேண்டும்.

இந்திராநகர் அன்பர்: சமையலுக்கும் கழிப்பிடத்துக்கும் என்ன ஏற்பாடு?

சாலையை விட்டு உள்ளே நடந்துபோய்த் தங்கும் பகுதியில் விறகுத் தீ மூட்டக் கூடாது. கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அவலும் சத்துமாவும் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடும் என்பதால் எனக்கு அவையே உகந்தவை. மலத்தை அதற்கென்று விற்கும் பையில் அடைத்து வெளியே எடுத்துவருவது பல பகுதிகளில் கட்டாயம்; அந்த வறட்சியில் எதுவும் எளிதில் மட்காது. கறுத்து மொறுமொறுத்த மண் படலத்தை மிதிக்காமல் பாறைமேலோ ஓடை மணலிலோ நடங்கள். அது நுண்ணுயிர்கள் கட்டிய தோல், ஒரு காலடித் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

கே.ஆர். புரம் அன்பர்: ஆந்திராவின் கண்டிக்கோட்டையில் பயிற்சி எடுத்தால் போதுமா?

சுமையோடு நடந்து பழக நல்ல இடம். ஆனால் அங்கே கீழே பெண்ணாறு இருக்கிறது. நீரை அளந்து குடிக்கும் பழக்கம் வராது. சரிந்த பாறையில் கால் பழகுவதற்குப் பெங்களூரை அடுத்த சாவனதுர்கா குன்று இன்னும் நல்லது.

அல்சூர் அன்பர் மீண்டும்: கைபேசி எடுக்காத இடத்தில் உதவிக்கு எப்படி அழைப்பது?

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.