பேய்ப் படத்தில் ஒன்றுமே நடக்காத முதல் ஐந்து நிமிஷம் ஏன் பயமாக இருக்கிறது?

முக்கால்வாசி வேலையைச் செய்வது சத்தம்தான், கண்ணால் பார்ப்பது அப்புறம்.

மட்டக்களப்பு ஆட்களுக்கு இதை விளக்குவது லேசு. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துப் பாருங்கள். மீன் பாடுகிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருந்தாலும், அந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆழமான, தடித்த சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காதால் சரியாகப் பிடிக்க முடியாது. தொடக்கக் காட்சிகளில் அடியில் ஒரு உறுமலை ஓடவிடுவது இதற்காகத்தான்.

1975இல் வந்த 'ஜோஸ்' என்ற சுறாப் படத்தில் இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸ் இரண்டே இரண்டு சுரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார், அது வேகமாக வேகமாக ஏதோ கிட்ட வருகிறது என்று நமக்கே விளங்கிவிடும், சுறாவைக் காட்டவே தேவையில்லை.

கண்ணுக்குச் செய்யும் தந்திரம் மறைப்பதுதான். 1978இல் வந்த 'ஹலோவீன்' தொடக்கம் கொலைகாரனின் கண் வழியாகவே போகும், யாருடைய கண் என்று அந்தக் காட்சியின் கடைசியில்தான் காட்டுவார்கள். அதோடு காட்சி எங்கேயும் வெட்டி ஒட்டாத மாதிரி நீளமாகப் போவதால் நமக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்காது.

திடீரென்று 'டமார்' என்று அடிப்பது வேறு, அது வெறும் திடுக்கிடல். என்னைக் கேட்டால் சோம்பேறி வேலை. அதற்கு முன்னால் எல்லாச் சத்தத்தையும் நிறுத்துவார்களே, பூச்சிச் சத்தம்கூட இல்லாமல், பயம் அங்கேதான். நம்பாவிட்டால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள், சிரிப்பு வரும்.