பாரசீக அரச குலப் பெண்கள் அந்தப்புரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தார்களா?

இல்லை என்பதற்குக் களிமண்ணே சாட்சி. 1933-ல், பண்டைய பாரசீகத் தலைநகரான (இன்றைய ஈரானில் உள்ள) பெர்செபோலிஸின் கோட்டைச் சுவரில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் காலத்து (கி.மு. 509 முதல் 493 வரை) பண்டசாலைக் கணக்குகள், பெரும்பாலும் ஈலமைட் என்ற பண்டைய மொழியில். பல உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அவற்றில் இர்தஷ்துனாவின் கடிதங்களும் உண்டு. இவர் பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் மகள், டேரியஸின் மனைவி. அர்திஸ்டோனே என்ற பெயரில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடுபவர் இவரே. கடிதத்தில் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. இன்ன ஊரில் உள்ள என் பண்ணையிலிருந்து இவ்வளவு திராட்சை மதுவை இன்னாருக்குக் கொடு, கணக்கை இன்னார் எழுதட்டும், அவ்வளவுதான். எழுதியது எழுத்தர். ஆனால் ஈரக் களிமண்ணில் உருண்டது இர்தஷ்துனாவின் சொந்த உருளை முத்திரை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: கணவரின் ஒப்புதல் எங்கும் கேட்கப்படவில்லை.

டேரியஸும் தன் பங்குக்கு அவருக்கு 100 ஆடுகளும் 200 மர்ரிஷ் (அக்கால முகத்தலளவை; மொத்தம் சுமார் 2,000 லிட்டர்) மதுவும் வழங்க ஆணையிட்டிருக்கிறார். இவ்வளவும் ஒருவர் சாப்பிடுவதற்கல்ல, பெரிய விருந்துக்காகவே இருக்க வேண்டும்.

இர்தபாமா என்ற இன்னொரு சீமாட்டியிடம் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். இன்றைய ஷிராஸ் பகுதியில் அவர்களுக்குத் தானியப் படி அளந்த கணக்குகள் இன்றும் இருக்கின்றன.