‘ஹெர்னியா’ என்று எழுதி எடை குறைப்பு ஆபரேஷன்: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருச்சியில் இருக்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இன்சுலின் இல்லை. மூட்டு வலியால் மாடி ஏற முடியவில்லை. இரண்டு வருடமாக நெஞ்செரிச்சலும் இருக்கிறது; படுத்தால் புளித்த ஏப்பம் வருகிறது. தெரிந்தவர் மூலமாக ஓர் ஏஜென்ட் அறிமுகமானார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் பேக்கேஜ் இருக்கிறதாம், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம். “குண்டுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க மாட்டார்கள், ஹெர்னியா என்று எழுதி வாங்கித் தருகிறேன்” என்கிறார். எங்கள் பாலிசிக்கு நான்கு வருடம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் தம்பி கல்யாணம். அதற்குள் எடை குறைந்துவிடுமா? அப்புறம் ஆயுள் முழுக்கச் சாதமே சாப்பிட முடியாதா? 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஹெர்னியா விஷயத்தை முடித்துவிடுவோம். அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. அது தவறு என்பது ஒரு பக்கம். உங்களுக்கு அந்தப் பொய்யே தேவையில்லை என்பதுதான் எனக்குக் கோபம் வரக் காரணம்.

கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தால் வகுத்து, மறுபடியும் உயரத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்களுக்கு அது ஏறக்குறைய 45. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உடல் பருமன் சிகிச்சைக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே வாசகத்தை வகுத்திருக்கிறது. 2020 அக்டோபர் முதல் தனிநபர் பாலிசிகளில் அதுதான் இருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் ‘விலக்குகள்’ (எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள்) பகுதியில் 06 என்ற எண்ணோடு இருக்கும், எடுத்துப் பாருங்கள். டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி அவசியம் இருக்க வேண்டும், வயது 18 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இவை இருந்தால் அந்த விலக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது. அதாவது, நேர் வழியிலேயே கேட்கலாம். சில பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு அல்லது மூன்று வருடம் காத்திருப்பு உண்டு. நான்கு வருடம் ஆன உங்களுக்கு அதுவும் தாண்டியிருக்கும். தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டுக்கு இது தெரியாதா? சிலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை. நேர் வழியில் போனால் பழைய சீட்டுகள், எடை எழுதிய பதிவுகள், டாக்டரின் கடிதம் எல்லாம் சேர்க்க வேண்டும், கம்பெனி கேள்வி கேட்கும், இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு இடத்தில் விசாரித்துவிட்டால் அவர் கமிஷன் போய்விடும்.

ஹெர்னியா என்று எழுதிவிட்டுப் பிறகு மாட்டினால் பணம் மறுக்கப்படும், பாலிசியே ரத்தாகலாம். ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறதே, அதுவும் மோசடி நிரூபணமானால் உதவாது. ஆனால் பணத்தைவிடப் பெரிய ஆபத்து, வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரிதான். அதில் ஹெர்னியா என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி வயிற்று வலியோடு திருச்சியில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போகிறீர்கள். பணியில் இருக்கும் இளம் டாக்டர் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார். உங்கள் இரைப்பை வெட்டப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது. மூக்கு வழியாகக் குழாய் போடுவதுகூட உங்கள் விஷயத்தில் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இதற்கெல்லாம் வழி செய்வது நம் அமைப்புதான். பிஎம்ஐ 35-இலிருந்து 40 வரை இருப்பவர்களுக்கு இதே விதி என்ன சொல்கிறது தெரியுமா? இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், ‘கட்டுப்படாத’ சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்தால்தான் தகுதி. நான்கு வகை மாத்திரை போட்டு, வாயைக் கட்டி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தகுதி இல்லை. அலட்சியமாக விட்டவருக்கு உண்டு! 40, 35 என்ற இந்தக் கணக்கு 1991-இல் அமெரிக்காவில் போட்டது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்பது மருத்துவ உலகத்துக்கு எப்போதோ தெரியும். 2022-இல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்களே அந்தப் பழைய கணக்கைத் தள்ளிவிட்டன. நம் பாலிசிகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஹெர்னியா வியாபாரம் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம்.

ஏஜென்ட் ‘ஸ்லீவ்’ என்று முடிவு செய்துவிட்டார். அவர் யார் முடிவு செய்ய? ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுவது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் என்பது வேறு. இரைப்பையின் மேல் பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பார்கள். இரண்டிலும் எடை குறையும். ஸ்லீவ் செய்வது எளிது, நேரமும் குறைவு. அதனால்தான் பேக்கேஜ்காரர்கள் எல்லாருக்கும் அதையே விற்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது.

ஆனால் உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது. கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். இரைப்பை பை மாதிரி இருக்கும்போது உணவு வந்தால் அது விரிந்து இடம் கொடுக்கும். குறுகலான குழாயாக்கிவிட்டால் விரியாது, உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் அமிலம் மேலே, உணவுக்குழாய்க்கு ஏறும். நெஞ்செரிச்சலே இல்லாதவர்களில் சிலருக்குக்கூட ஸ்லீவ் முடிந்த பிறகு புதிதாக வருகிறது. ஏற்கெனவே படுத்தால் புளித்த ஏப்பம் வருகிற உங்களுக்கு அது மோசமாக வாய்ப்பு அதிகம். எடை குறைந்து, சர்க்கரை குறைந்து, ஆனால் ராத்திரி மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்து பைபாஸாக மாற்ற வேண்டி வந்தது. பல வருடம் அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகிற சங்கடமும் உண்டு. பைபாஸில் அமிலம் சுரக்கும் பெரும்பகுதி பாதையிலிருந்து விலகிவிடுவதால் நெஞ்செரிச்சல் பொதுவாக அடங்கும்.

எனவே எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யாமல் யாரும் உங்களை ஆபரேஷன் மேசையில் ஏற்றக் கூடாது. உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, வால்வு தளர்ந்திருக்கிறதா, இரைப்பையில் கிருமி இருக்கிறதா என்று அதில் தெரியும். பைபாஸ் செய்துவிட்டால் ஒதுக்கிவிட்ட இரைப்பைக்குள் பிறகு சாதாரண எண்டோஸ்கோபி நுழையாது. முன்பே பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்குப் பைபாஸ்தான் சரி என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல மாட்டேன். எண்டோஸ்கோபி பார்த்தபின் உங்கள் டாக்டர் சொல்லட்டும். ஸ்லீவ்தான் என்று சொன்னால், “எனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறதே, ஏன் ஸ்லீவ்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் படுக்காதீர்கள்.

மறுநாள் வீடு என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆபரேஷன் நல்ல கைகளில் பாதுகாப்பானது. உயிர் ஆபத்து ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் இரைப்பையை வெட்டி ஸ்டேப்லர் போட்டு மூடிய இடத்தில் கசிவு வந்தால், பெரும்பாலும் அது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும், முதல் இரண்டு வாரத்துக்குள். காய்ச்சல், படபடவென்று நாடித்துடிப்பு, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, இவைதான் அறிகுறிகள். ‘கேஸ்’ என்று சொல்லி சோடா குடிக்கிற விஷயம் இல்லை இது. நீங்கள் 320 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில் இருப்பீர்கள், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். 2024-இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு இதே ஆபரேஷனுக்குப் போன இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரித்து அந்த இடத்தின் பதிவை நிறுத்தி வைத்தது. இருபத்து நான்கு மணி நேரமும் ஐசியு, ரத்தம், மயக்க மருந்து டாக்டர், இவை அதே கட்டடத்தில் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். பேக்கேஜில் ஐசியு நாள் சேர்த்தியா, ஸ்டேப்லர் கார்ட்ரிட்ஜ் எத்தனை, அவை புதியவையா என்று எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்த வேண்டிய பொருளை மறுபடி பயன்படுத்துகிற இடங்கள் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். செலவுதான் கவலை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் நடுவில் ஆள் இல்லை.

தம்பி கல்யாணம். கல்யாணத்துக்குப் போய் வந்து பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்கிற இடத்தில் ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். ரத்தப் பரிசோதனைகள், எண்டோஸ்கோபி, குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை, கடைசி இரண்டு வாரம் கல்லீரல் கொழுப்பைச் சுருக்கும் திரவ உணவு எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டு இப்போதே செய்துகொண்டால் கல்யாண நாளில் நீங்கள் பந்தியில் நான்கு ஸ்பூன் சாப்பிட்டு எழுந்திருப்பீர்கள், “ஏன், என்ன உடம்புக்கு?” என்று ஊரே கேட்கும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்ட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், புரதம் ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடும்.

எவ்வளவு குறையும்? சராசரியாக மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று பங்கு வரை, ஒன்றரை வருடத்தில். உங்கள் 112 ஏறக்குறைய 80-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஒல்லியாக மாட்டீர்கள். மாடி ஏறுவீர்கள். சர்க்கரை மாத்திரை முழுவதும் நிற்கவும் வாய்ப்பு உண்டு. ஆறு வருடம்தான், இன்சுலின் இல்லை என்பது நல்ல அறிகுறி. ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலேயே மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவில் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை ஆகி மயங்கி விழ நேரலாம். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும், அதைச் சரிசெய்ய இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது.

இனி, சாதம். சாப்பிடலாம், ஆனால் அது கடைசியில்தான். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்: மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பால். அப்புறம் சாம்பாரில் கரைத்த இட்லி, குழைந்த பருப்பு, ஆவியில் வெந்த மீன், முட்டை. ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வழக்கமான சாப்பாடு, கையளவு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம்தான். இட்லியை நம்பினால் 60 எப்படி வரும்? எனவே தட்டில் முதலில் முட்டையோ மீனோ பனீரோ பருப்போ, அடுத்து காய், இடம் இருந்தால் இரண்டு கரண்டி சாதம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். அரை மணி நேரம் தள்ளி, மடக்கு மடக்காக. பாயசமும் மைசூர்பாகும் பைபாஸ் ஆனவர்களைப் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வைத்துவிடும்.

பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுளுக்கும். ஏஜென்ட் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி வந்தால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேறோர் இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணி மூன்று வாரம் வாந்தியோடு இருந்துவிட்டு என்னிடம் வந்தார். தினமும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். வந்தபோது நடை தள்ளாடியது, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. வைட்டமின் பி1 தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கும். பி1 ஊசி போட்ட பிறகு பார்வை சரியானது, நடை முழுவதும் சரியாகவில்லை. “எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 போடுங்கள்” என்று சொல்ல வீட்டில் உள்ள எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள். ஹெர்னியா என்று எழுதிய காகிதம் கையில் இருந்தால் அதை யார் நம்புவார்கள்?

நேர் வழியில் விண்ணப்பித்தும் கம்பெனி மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அந்த 10,000 ரூபாயை யாருடைய கணக்கில் போட்டீர்கள்? மருத்துவமனைக் கணக்கு என்றால் ரசீதைக் காட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். ஏஜென்ட்டின் சொந்தக் கணக்கு என்றால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், பேசியதை அழிக்காதீர்கள். அதில் ஹெர்னியா பேச்சு இருந்தால் அதையும் அப்படியே வைத்திருங்கள். பணம் வராவிட்டாலும் பரவாயில்லை, அது போகிறது என்பதற்காக அந்த மேசையில் படுக்கப் போகாதீர்கள்.