மார்பகத்தில் சிலிக்கோன் இருந்தால் மமோகிராம் எடுக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து 42 வயதான வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில், 11 ஆண்டுகளுக்கு முன்னர், இரு மார்பகங்களிலும் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டவர். கணவரைத் தவிர வீட்டில் வேறு எவருக்கும் இது தெரியாது. சென்ற ஆண்டு அவருடைய அக்காவுக்கு 49 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதால், தங்கையையும் மமோகிராம் (மார்பகத்தைத் தட்டுகளுக்கிடையே நெரித்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம்) எடுக்குமாறு வைத்தியர் சொல்லியிருக்கிறார். "அந்த இயந்திரம் நெரிக்கும்போது உள்ளே இருப்பது வெடித்துவிடாதா? சிலிக்கோன் மறைத்துக்கொண்டால் படம் எடுத்துத்தான் என்ன பயன்? எடுப்பவர்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடை அதில்தான் தங்கியிருக்கிறது. சொல்லியே ஆக வேண்டும். படம் எடுக்கும் அறைக்குள் போய் உடை மாற்றிய பிறகு சொல்வது பிந்திவிடும். நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், வைத்தியர் எழுதித் தரும் துண்டிலும் அது எழுதப்பட்டிருக்கட்டும். உங்களுக்கு எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கை வேறு, எடுக்கும் முறை வேறு, ஒதுக்க வேண்டிய நேரமும் வேறு.

சாதாரணமாக ஒரு மார்பகத்துக்கு மேலிருந்து ஒன்றும் சரிவாக ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுப்பார்கள். சிலிக்கோன் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் நான்கு, ஆக மொத்தம் 8 படங்கள். முதல் இரண்டில் சிலிக்கோனும் சேர்ந்தே விழும். அவற்றுக்கு மார்பகம் அசையாமல் நிற்கும் அளவுக்கு மட்டுமே தட்டு இறக்கப்படும். கதிரின் அளவையும் இயந்திரத்தின் தன்னியக்கத்திடம் விடாமல் படம் எடுக்கும் ரேடியோகிராபரே கையால் சரிசெய்வார், ஏனெனில் சிலிக்கோனின் அடர்த்தியைக் கண்டு இயந்திரம் ஏமாந்துவிடும். அடுத்த இரண்டு படங்களுக்கு, பையை விரல்களால் நெஞ்சுச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னாலுள்ள மார்பகத் திசுவை மட்டும் முன்னே இழுத்துத் தட்டுகளுக்கிடையே பிடிப்பார்கள். அப்போது இறுக்கமாக நெரிபடுவது திசு. பை பெரும்பாலும் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். எக்லண்ட் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1988இல் விபரித்த முறை இது. இன்றும் உலகெங்கும் இதுவே வழக்கத்தில் உள்ளது. இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஆகவே நாள் குறிக்கும்போது, "சிலிக்கோனைத் தள்ளி எடுக்கும் படங்கள் உங்களிடம் எடுப்பார்களா?" என்று நேரடியாகவே கேளுங்கள். தயக்கமான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

வெடிக்குமா என்ற கேள்விக்கு, ஒருபோதும் நடக்காது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்திருந்த முறைப்பாடுகளைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், மமோகிராமின்போது பை கிழிந்ததாகக் கூறும் அறிக்கைகள் 41 இருந்தன. இலட்சக்கணக்கான பெண்கள் இத்தகைய பைகளோடு வாழும் நாட்டில் பல ஆண்டுகளில் சேர்ந்த எண்ணிக்கை அது என்பதையும் பாருங்கள். பையின் சுவர் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வடையும். ஏற்கெனவே தளர்ந்து வலுவிழந்த பை படம் எடுக்கும் நாளில் கிழிந்ததா, அதற்கு முன்னரே கிழிந்திருந்து அன்றுதான் தெரியவந்ததா என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல. அக்காவுக்கு நோய் வந்திருக்கும் ஒருவர் இந்தச் சிறிய ஆபத்தை நினைத்துப் பரிசோதனையையே தவிர்ப்பது, என் மதிப்பீட்டில், கணக்குத் தப்பிய முடிவு.

பையைச் சுற்றி வடுத்திசு இறுகி, அது கல்போல் கெட்டியாகிவிட்டவர்களுக்கு மட்டும் இந்தத் தள்ளும் முறை சரிவராது. அவர்களுக்குப் பக்கவாட்டிலிருந்து இன்னொரு படமும், கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தேவைப்படும். உங்கள் மார்பகத்தில் அத்தகைய இறுக்கமோ வலியோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிலிக்கோன் எக்ஸ்-கதிரைத் தடுப்பதால், அதற்குப் பின்னாலுள்ள திசுவின் ஒரு பகுதி படத்தில் தெரியாது. 2004இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வின்படி, நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்களில் மமோகிராம் கண்டுபிடித்த புற்றுநோய்களின் பங்கு, பை வைக்காதவர்களில் 66.8 சதவீதமாகவும் வைத்தவர்களில் 45 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் அதே ஆய்வில், நோய் கண்டறியப்பட்டபோது கட்டியின் அளவிலும் நோயின் கட்டத்திலும் இரு தரப்பினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பை திசுவை முன்னே தள்ளி நிற்பதால் கட்டி கைக்கு எளிதில் அகப்படுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பை மார்புத் தசைக்கு மேலே வைக்கப்பட்டதா, கீழே வைக்கப்பட்டதா என்பதும் முக்கியம். தசைக்குக் கீழே இருந்தால் மறைப்பு குறைவு. சிலிக்கோன் பை மார்பகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை என்பதையும், நீங்கள் கேட்காவிட்டாலும், சொல்லிவைக்கிறேன்.

ஆகவே மமோகிராமோடு மார்பக ஸ்கேனும் செய்வதா, காந்தப் புலத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை, அக்காவின் நோய் விபரத்தையும் பார்த்து, சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. என்பதில் பலர் தவறிவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. பை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.க்கு ஊசி மருந்து வேண்டியதில்லை. புற்றுநோயைத் தேடும் எம்.ஆர்.ஐ.க்கு நாளத்தில் மருந்து செலுத்தியே ஆக வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதற்கும் விடை கிடைத்துவிட்டதாக நினைத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. எதற்காக என்பது துண்டில் தெளிவாக இருக்கட்டும். பையின் கிழிவு பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நிகழும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அளித்த பரிந்துரைப்படி, சிலிக்கோன் வைத்து 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒரு தடவையும், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு தடவையும், நோய்க்குறி இல்லாவிட்டாலும், ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 11 ஆண்டுகளில் அதை நீங்கள் ஒரு தடவையேனும் செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

சத்திரசிகிச்சையின்போது தந்த சிறிய அட்டை, பையின் வகையும் அளவும் எழுதியது, இன்னும் இருந்தால் தேடி எடுங்கள். சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளைச் சுற்றி, மிக அரிதாக, ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர்த் தொகுதியின் புற்றுநோய், தோன்றுவதுண்டு. அது மார்பகப் புற்றுநோய் அல்ல. இந்தத் தொடர்பு காரணமாக அலர்கன் நிறுவனம் 2019 யூலையில் தனது பயோசெல் வகைப் பைகளை மீளப் பெற்றது. பல ஆண்டுகள் கழிந்த பின் ஒரு மார்பகம் மட்டும் திடீரென வீங்கினால், மமோகிராமுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள்.

படங்கள் இரட்டிப்பாவதால் கதிரும் கூடும்தான். ஆனால் வழக்கமான மமோகிராமின் அளவு ஏறத்தாழ 0.4 மில்லிசீவேர்ட், அது இரட்டித்தாலும் இயற்கைச் சூழலிலிருந்து நான்கு மாதங்களில் நாம் பெறும் அளவுதான்.

நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்குமான மமோகிராம் திட்டம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் கையால் மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள். அங்கும் சிலிக்கோன் இருப்பதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பையின் விளிம்பையே கட்டி என்று எண்ணி வீணாகப் பயமுறுத்துவார்கள். கட்டி எதுவும் அகப்பட்டு ஊசியால் மாதிரி எடுக்க நேர்ந்தால், பையில் குத்துப்படாமல் ஸ்கேனில் பார்த்தபடியே எடுக்க வேண்டும்.

மாதவிடாய் முடிந்த வாரத்தில் நாள் எடுத்தால் வலி குறைவு. அன்று மார்பிலும் அக்குளிலும் பவுடரோ வாசனைத் திரவியமோ வேண்டாம்; பவுடர்த் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுபோல் தெரியும். திருகோணமலை வெயிலில், அதிலும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் இறங்கும் காலையில், இது சங்கடமானதுதான். கைதுடைக்கும் ஈரத் துணி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மேற்சட்டையை மட்டும் கழற்றக்கூடிய உடையாக அணியுங்கள். பெண் ரேடியோகிராபர் வேண்டுமென்றால் அதையும் நாள் குறிக்கும்போதே கேட்கலாம்.

வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வைத்தியரும் ரேடியோகிராபரும் அதை உங்கள் அனுமதியின்றி வெளியே பேசக் கூடாது. ஆனால் அறிக்கையின் முதல் வரிகளிலேயே இரு பக்கமும் சிலிக்கோன் காணப்படுவதாக எழுதியிருக்கும், படத்திலும் அது வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எனவே அக்காவையோ மாமியாரையோ துணைக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், உறையை நீங்களே வாங்கி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அதே படங்கள் தேவைப்படும்.