பதில்: அக்டோபர் 3 விழாவுக்கு 'ரைன்கோல்ட்' சரிவருமா?

வணக்கம். ஜெர்மன் ஒற்றுமை நாளுக்கு இசையமைப்பாளர் வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஓபரா (இசைநாடகம்) வேண்டும் என்று விழாக்குழு பிடிவாதம் பிடிக்கிறது, உங்கள் அரங்கில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமரும் இசைக்குழுப் பள்ளத்தில் 40 பேர்தான் அமர முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூல வடிவம் அங்கே நுழையாது. 8 ஹார்ன் (ஊதுகொம்பு), பள்ளத்தில் மட்டும் 6 ஹார்ப் (பெரிய யாழ்), போதாததற்கு குள்ளர்களின் பாதாள உலகமான நீபல்ஹைம் காட்சிக்கு, சுத்தியலால் அடித்து ஒலி எழுப்ப 18 இரும்புப் பட்டடைகள்! பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜொனாதன் டவ் 18 கலைஞர்களுக்காகச் சுருக்கிய வடிவம் ஒன்று உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள். வாக்னர் 1883இல் இறந்ததால் மூலத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. சுருக்க வடிவத்துக்கு அனுமதி கட்டாயம். பட்டடை ஓசையைப் பதிவு செய்து ஒலிபரப்பினால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

முதல் காட்சியில் நீரில் நீந்தும் ரைன் நதிப் பெண்களைக் கம்பியில் தொங்கவிடும் யோசனையைக் கைவிடுங்கள். 1876இல் வாக்னரின் சொந்த அரங்கு இருந்த பைராய்த் நகரில் சக்கர வண்டிகள் மேல் உயரத்தில் அவர்களை நிறுத்தி, கீழிருந்து ஆட்கள் தள்ளினார்கள். உங்களுக்கு மெல்லிய திரையும் நீல ஒளியும் போதும். தொடக்கத்தின் 136 இசையளவுகளும் ஈ-பிளாட் மேஜர் என்ற ஒரே சுரக்கூட்டில் பெருகும்போது நதி தானாகவே வந்துவிடும்.

இரண்டரை மணி நேரம், இடைவேளை கிடையாது. உரைகளை முன்னதாகவே முடித்துவிடச் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது கதைதான். மாளிகை கட்டியவர்களுக்குக் கூலி தராமல் இழுத்தடித்து, திருட்டுத் தங்கத்தால் கடனை அடைக்கிறார் தலைமைக் கடவுள். முதல் வரிசையில் அமைச்சர்கள் அமர்வார்கள் அல்லவா? விழாக்குழுவிடம் கதைச்சுருக்கத்தை இப்போதே கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.