கரியமில வாயு கலந்த உப்புநீரில் எஃகு: கேள்வி பதில்

கேள்வி: துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 11 சதவீதக் குரோமியம் வேண்டும் என்கிறார்கள். எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் 3 சதவீதம் மட்டும் சேர்த்து என்ன பயன்?

பதில்: அது வேறு வழியில் காக்கிறது. இரும்பு கரைந்து போகும்போது குரோமியம் ஹைட்ராக்சைடாக அங்கேயே தங்கிவிடுவதால், எஃகின் மேல் படியும் அரிமானப் படலத்தில் அதன் அளவு எஃகில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஆகிறது; அப்படலம் உப்புநீரின் அயனிகளைத் தடுக்கிறது. சாதாரண எஃகில், கரைந்த இரும்பு கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகும் இரும்புக் கார்பனேட்டுப் படலம் இறுகுவதற்குப் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகிறது. அதற்குக் கீழே குரோமியத்தின் உதவி தெளிவாகத் தெரியும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும்போது, எஃகு மாதிரி மூழ்கியிருக்கும் கலத்தில் ஆக்சிஜன் புகுந்தால் இவை எதையும் காண முடியாது. மாதிரியை இறக்கும் முன்பே கரைசலில் கரியமில வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் 1 சதவீதக் குரோமிய எஃகும் சாதாரண எஃகைப் போலவே அரித்தது.

பதில்: அந்தக் குரோமியம் எங்கே இருந்தது என்று பாருங்கள். எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்னும் சேர்மத்தில் சிக்கிய குரோமியம் படலத்துக்குப் பயன்படாது. அதனால்தான் கார்பனை விரைந்து பிடித்துக்கொள்ளும் வனேடியம், டைட்டானியம், நியோபியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அணு எடைக் கணக்கில் 0.07 சதவீதக் கார்பனைக் கட்டிப்போட ஏறத்தாழ 0.3 சதவீத வனேடியம் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கார்பனையே நீக்கிவிடலாமே? இரும்பும் கார்பனும் சேர்ந்த சேர்மமான சிமென்டைட்டுதான் எதிர்மின்வாயாகி அரிப்பை வளர்க்கிறது என்று தாங்களே முன்பு சொன்னீர்கள்.

பதில்: சொன்னது உண்மை, ஆனால் அது பாதிதான். பெர்லைட்டு, அதாவது இரும்பும் சிமென்டைட்டும் மாறிமாறி அடுக்கிய அமைப்பு, உள்ள மாதிரியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், இடையிலிருந்த இரும்பு கரைந்துபோக, சிமென்டைட்டுத் தகடுகள் மட்டும் சீப்பின் பற்களைப் போல் நிற்பது தெரியும். வெறுமையாக நின்றால் அவை அரிப்பைத் தூண்டுகின்றன; இடைவெளிகளில் இரும்புக் கார்பனேட்டு நிரம்பிவிட்டாலோ படலத்தை எஃகோடு இறுக்கிப் பிடிக்கின்றன. ஆகவே கார்பனை நன்மை என்றோ தீமை என்றோ ஒரு சொல்லில் முடிக்க நான் உடன்படமாட்டேன். குழாயின் வலிமைக்கும் அது வேண்டும்.

கேள்வி: செம்பு சேர்க்கலாமா?

பதில்: திறந்தவெளி எஃகில் செம்பு தரும் நன்மை, நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி உருவாகும் துருப்படலத்தால் வருவது. எப்போதும் மூழ்கியிருக்கும் குழாயில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எத்தனை சதவீதக் குரோமியம் போதும்?

பதில்: மூன்றாவது முறையாக வரும் கேள்வி இது. வெப்பநிலை, வாயு அழுத்தம், கார்பன் அளவு, வெப்பப் பதப்படுத்தல் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் கேட்டால் விடை கூற இயலாது. சோதித்துப் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஆக்சிஜனை நீக்கினார்களா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

கேள்வி: அரிப்பால் மாதிரி இழந்த எடையைக் கணக்கிட, அதன் மேலுள்ள படலத்தை எப்படி நீக்குவது?

பதில்: ஒரு லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 கிராம் ஆன்டிமனி டிரையாக்சைடும் 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடும் கலந்து, அறை வெப்பநிலையில் பயன்படுத்துங்கள். அரிக்கப்படாத ஒரு மாதிரியையும் உடன் நனைத்து, அது இழக்கும் எடையைக் கழித்துவிடுங்கள்.