செக்கல் நேரத்தில் பாய் விரித்தால்

நான் முல்லைத்தீவுக்காரன். அப்பாவின் வள்ளத்தில் தொழில் பழகி, பிறகு மாலைதீவில் ஏழு வருடம் உல்லாசப் பயணிகளை ஏற்றும் பாய்ப்படகில் நின்றவன். முதல் நாலு வருடம் கயிறு இழுத்தேன், மிச்சம் மூன்று வருடம் சுக்கான் பிடித்தேன். இப்போது ஊரோடு. கலியாணம் முடித்த பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தங்களும் பொழுதுபடுகிற செக்கல் நேரத்துப் பாய்ப்படகுப் பயணத்தைப் பற்றி ஓயாமல் கேட்கிறார்கள். வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரேயடியாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

மாமா, யூலையில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். முல்லைத்தீவுக் கடலிலேயே சன்செட் குரூஸ் போக முடியாதா? (டொராண்டோவில் இருந்து மருமகள்)

பிள்ளை, எங்கள் கடல் கிழக்கே பார்த்த கடல். அங்கே சூரியன் எழும்பும், விழாது. பொழுதுபடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வட்டுவாகல் பாலத்தில் நின்றால் நந்திக்கடல் களப்புக்கு அங்கால் இறங்கும், தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமாகிவிடும். ஆனால் அதில் யாராவது உல்லாசப் படகு விட்டால் நான் ஏற மாட்டேன். ஏன் என்று உன் அம்மாவைக் கேள்.

திருகோணமலைக்கும் இதே கதைதான். யூலையில் அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும், பாய்ப்படகுக்கு அருமையான காலம். சூரியன் மட்டும் கரைப்பக்கம், மலைக்குப் பின்னால் போய்விடும். கடலுக்குள் விழுவதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் கற்பிட்டி, நீர்கொழும்பு, பெந்தோட்டை என்று மேற்குக் கரைக்குப் போக வேண்டும். யூலையிலோ அந்தப் பக்கம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்துக் கடல் கொந்தளிக்கும். நல்ல கடல் ஒரு பக்கம், நல்ல சூரியன் மறுபக்கம். அந்த மாதத்தில் கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால், வெளிக்கடலை விட்டுவிட்டுக் கற்பிட்டிக் களப்புக்குள் ஓடுகிற படகாகப் பார். தையில் வர முடியுமென்றால் மேற்கும் தெற்கும் அமைதியாக இருக்கும்.

அப்போ எங்கள் மன்னார்? மேற்கே பார்த்த கடல்தானே, அண்ணை. (மன்னார்)

உண்மைதான். வன்னிக்குள் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க உங்களையும் பூநகரிப் பக்கத்தையும் விட்டால் ஆளில்லை. ஆனால் மன்னார்த் தீவின் தென்கரையில் ஏன் 30 காற்றாலைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை அந்தக் காற்றுக்குப் பழக்கமில்லாதவரை ஏற்றிக்கொண்டு போவது புத்தியில்லை. மாசி, பங்குனியில் தலைமன்னார்க் கரையில் நின்றாலே மனம் நிறைந்துவிடும். தெரிந்தவரின் மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு வெளியே போகாதீர்கள். இந்திய எல்லை கிட்ட, லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது, ஏதும் நடந்தால் படகுக்காரனுடைய பிழைப்பும் போய்விடும்.

அண்ணா, கலியாணம் முடிந்து மாலைதீவுக்குப் போகிறோம். படகுப் பயணம் பதிவு செய்ய முதல் என்னென்ன கேட்க வேண்டும்? (புதுக்குடியிருப்பு)

வாழ்த்துகள், தம்பி. முதல் கேள்வி: "எஞ்சினை நிற்பாட்டுவீர்களா, எவ்வளவு நேரம்?" இதை ஒருவரும் கேட்பதில்லை. பாய்ப்படகுப் பயணம் என்று விற்கிறதில் பாதி எஞ்சினில் ஓடுகிறது, பாய் படத்துக்காக மேலே தொங்கும். மாலைதீவில் தோணி என்ற பெயரில் விற்கிறதும் பெரும்பாலும் எஞ்சின் படகுதான். தென்னை மரத்தில் கட்டிப் பாயில் ஓடிய தோணி அந்தக் காலம். பதில் சொல்கிறவர் "காற்றைப் பொறுத்தது, ஒரு மணித்தியாலமாவது பாயில் ஓடுவோம்" என்றால் நம்பலாம். "ஓமோம், எல்லாம் செய்வோம்" என்றால் யோசியுங்கள்.

இரண்டாவது, விலை. ஆளுக்கு 100 டொலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறிக்குள் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் சுற்றுலா வரியும் ஒளிந்திருக்கின்றன. அந்த வரி 2025 யூலையில் இருந்து 17 சதவீதம். கணக்குப் போட்டால் 128 டொலர் 70 சதம். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். தனிப் படகா, மற்றவர்களோடு சேர்ந்தா என்பதையும் கேளுங்கள். புது மாப்பிள்ளைகள் தனிப் படகுக்கு ஆசைப்படுவார்கள். என்னைக் கேட்டால், பத்துப் பேர் சேர்ந்து போனாலும் படகின் முன்பக்கமான அணியத்தில் உங்கள் இரண்டு பேருக்கு ஒரு மூலை கிடைக்கும், மிச்சக் காசுக்கு இன்னொரு நாள் தங்கலாம்.

மூன்றாவது, நேரம். மாலைதீவு எங்களைவிட அரை மணித்தியாலம் பின்னால். ஆனால் கனக்க ரிசோர்ட்டுகள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் திருப்பி, தீவு நேரம் என்று தனியாக வைத்திருக்கின்றன. தலைநகரில் 6 மணி கடந்து பொழுதுபட்டால் தீவில் 7 கடந்திருக்கும். படகு எந்த நேரப்படி வெளிக்கிடும் என்று கேட்காமல் விட்டவர்கள், இறங்குதுறையில் நின்று எங்களுக்குக் கை காட்டினதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

காலம் தை முதல் சித்திரை வரை நல்லது. அவர்கள் மொழியில் அது இருவை, வடகிழக்குக் காற்று. வைகாசிக்குப் பிறகு ஹுளங்கு, அதுதான் எங்கள் சோளகம். அப்புறம், அம்மா பயணப்பெட்டிக்குள் பிள்ளையார் சிலை வைத்துவிடுவார். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக அங்கே சுங்கத்தில் தடை. பிள்ளையார் வீட்டிலேயே இருந்து ஆசீர்வதிக்கட்டும்.

எனக்கு வவுனியாவில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் போனாலே சத்தி (வாந்தி) வரும். கடலில் என்ன ஆவேன்? (வவுனியா, ஆசிரியை)

டீச்சர், பஸ்ஸில் சத்தி எடுக்கிற எல்லாருக்கும் படகிலும் வரும் என்றில்லை. முதலில் படகைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஒற்றை உடல் பாய்ப்படகு காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். இரட்டை உடல் படகு அவ்வளவாகச் சாயாது. அதைத்தான் கட்டமரான் என்கிறார்கள். பெயர் எங்கள் கட்டுமரம்தான், வெள்ளைக்காரன் கொண்டுபோய் வேறு உருவத்தில் திருப்பித் தந்திருக்கிறான்.

மாத்திரை போடுவதென்றால் சத்தி வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. சின்னரிசின் என்றால் ஏறுவதற்கு 2 மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். பார்மசியில் உங்கள் மற்ற மருந்துகளையும் சொல்லிக் கேளுங்கள். தூக்கம் வரும், அதோடு குடிவகை கூடாது. வெறும் வயிற்றோடும் வராதீர்கள், மத்தியானம் கணவாய்க் கறியோடு ஒரு பிடி பிடித்துவிட்டும் வராதீர்கள். இரண்டு துண்டு பாண், இஞ்சித் தேத்தண்ணி போதும். படகின் நடுவில், கொஞ்சம் பின்னுக்கு இருங்கள். ஆட்டம் அணியத்தில்தான் கூட. கண்ணை அடிவானத்தில் வையுங்கள், போனைப் பார்க்க வேண்டாம், கீழ் அறைக்குள் மட்டும் இறங்கவே வேண்டாம். முகம் வெளிறி, கதை நின்று, கொட்டாவி விடத் தொடங்கினால் அடுத்தது சத்திதான் என்று எங்களுக்குத் தெரியும். காற்று போகிற பக்கத்து விளிம்புக்கு மெல்லக் கூட்டிக்கொண்டு போவோம். மற்றப் பக்கத்தில் எடுத்தால் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

ஆறு வயது மகனைக் கூட்டிப்போகலாமா? நான் சேலை கட்டலாமா? (மாங்குளம்)

கூட்டிப்போகலாம், அக்கா. ஏறுவதற்கு முன்னர் சின்னப்பிள்ளை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். பாயின் அடியில் படுக்கையாக ஒரு தடி இருக்கும், பூம் என்பார்கள். படகு திரும்பும்போது அது ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். "தலை!" என்று கத்தினால் குனிய வேண்டும், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

சேலை வேண்டாம். காற்றும் கயிறும் அதை விடாது. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடவுங்கள். இரவுக் காற்றுக்கு ஒரு மெல்லிய சால்வை.

போனில் படம் எடுத்தால் சூரியன் வெறும் வெள்ளைப் புள்ளியாக வருகிறது. (ஒட்டுசுட்டான்)

சூரியனை எடுக்காதே, தம்பி. பாய்க்குப் பின்னால் அதை மறைத்து வை, துணி முழுக்க ஒளிரும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை. எங்கள் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக விழும். விளிம்பு கடலைத் தொட்டதில் இருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். அந்த இரண்டு நிமிடம் போனைக் கீழே வை.

வானம் துடைத்த மாதிரி இருந்தால், கடைசி நுனி மறைகிற கணத்தில் பச்சையாக ஒரு மினுக்கம் சில வேளை தெரியும். காற்று ஒளியை வளைத்து நிறம் பிரிப்பதால் வருவது. ஏழு வருடத்தில் நான் நாலு தரம் பார்த்திருக்கிறேன். முதல் தரம் கண்ணில் ஏதோ பிழை என்று முகம் கழுவினேன்.

சூரியன் போனதும் எல்லாரும் படம் முடிந்த மாதிரி எழும்பிவிடுவார்கள். இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் முகில் அடியில் இருந்து சிவக்கும். செக்கல் என்று பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

படகில் குடி கிடைக்குமா? (பெயர் போட வேண்டாமாம்)

மாலைதீவில் ரிசோர்ட்டில் கிடைக்கும், உள்ளூர்ச் சனம் வாழும் தீவில் கிடையாது. நீங்கள் கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். இலங்கையில் பௌர்ணமிப் போயா நாளில் விற்பனையே இல்லை. போதுமா?

மழை வந்தால் காசு திரும்பக் கிடைக்குமா? (கிளிநொச்சி)

எழுத்தில் இருந்தால் கிடைக்கும். "படகோட்டி பயணத்தை நிற்பாட்டினால் முழுக்காசும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி படகோட்டிக்கும் துணிவைத் தரும்.

இலங்கையின் தெற்குக் கரையில் ஒரு கம்பனியில் ஒரு பருவம் நின்றேன், பெயர் வேண்டாம். பங்குனி மாதப் பின்னேரம், தரைப்பக்கம் முகில் கறுத்து, அதன் அடியில் கோடு கிழித்த மாதிரி ஒரு வெள்ளை. படகோட்டி வேண்டாம் என்றார். அலுவலகத்தில் இருந்து, காசு வாங்கியாகிவிட்டது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா என்றார்கள். இருபது நிமிடத்தில் காற்று அடித்தது. பாயை இறக்கக் கயிற்றை அவிழ்த்தால் பாய்மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டது. பாய் சாட்டை மாதிரி வெடித்துக்கொண்டிருக்க, நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக் கயிற்றை உலுக்கினேன். பாய் இறங்க முன்னர் ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அடுத்த கிழமை நான் வேலையை விட்டேன்.

இலங்கையில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம்தான் இடி முழக்கம் கூட. கடலில் உயரமாக நிற்கிற ஒரே பொருள் உங்கள் பாய்மரம். அந்த மாதங்களில் படகோட்டி வேண்டாம் என்றால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குத் திரும்புங்கள்.

இருட்டில் எப்படித் திரும்பி வருவீர்கள்? (முள்ளியவளை, எட்டாம் வகுப்பு)

நல்ல கேள்வி, குஞ்சு. பவளப்பாறை உச்சி வெயிலில்தான் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரியும். பொழுதுபட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் போகும்போதே ஜிபிஎஸ்ஸில் வழியைப் பதிந்துவிட்டு, அதே கோட்டில் திரும்புவோம். பொழுதுபட்டதும் படகின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரிய வேண்டும். எதிரே ஒரு படகில் இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அது நேரே உன்னை நோக்கி வருகிறது.

பாயில் ஓடுவதற்குக் காசு கொடுக்கிறார்களா? தொண்ணூறுகளில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் வர விடாமல் தடுத்தபோது நாங்கள் கதியில்லாமல் பாய் கட்டினோம். (அளம்பில், வயது 74)

ஓம் ஐயா, கொடுக்கிறார்கள், அதுவும் டொலரில். எங்கள் அப்பாவும் அப்போது மாச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துத்தான் பாய் கட்டினார். அம்மா தைத்த அவசரத்தில் சாக்கில் இருந்த ஆங்கில எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது. நான் ஆங்கில எழுத்துப் படித்ததே வள்ளத்துக்குள் மல்லாந்து கிடந்து அதைப் பார்த்துத்தான். கன நாள் எழுத்துகளைத் தலைகீழாக எழுதி வாத்தியாரிடம் அடி வாங்கினேன்.

மாலைதீவில் முதல் நாள் எஞ்சினை நிற்பாட்டிப் பாயை ஏற்றியதும், பயணிகள் எல்லாரும் திடீரென்று கதையை நிற்பாட்டிவிட்டார்கள். படகின் பக்கத்தில் தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் வள்ளத்தில் கேட்ட அதே சத்தம். அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஐயா. கடைசியாக எப்போது கேட்டீர்கள்? என் படகுக்கு இப்போதும் ஒரு சின்னப் பாய் வைத்திருக்கிறேன். அளம்பிலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன். பின்னேரம் வேண்டாம், விடிய நாலரைக்கு ஆயத்தமாக இருங்கள்.